பொய்த் துடக்கு

“உமக்கு வீட்டிலை என்ன குறை?”

என் கணவர் இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் கிடையாது. கோபமாகக் கேட்க மாட்டார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. தேநீரை ஆற்றிக்கொண்டே, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், என் உடம்பு சுகத்தை விசாரிக்கிற மாதிரிக் கேட்பார். எனக்குத்தான் மண்டை கொதிக்கும். ஏனென்றால் உண்மையிலேயே குறை ஒன்றும் இல்லை.

கொக்குவிலில் நாலு பக்கமும் மதில் எழுப்பிய வளவு. அதன் நடுவே என் அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. குளியலறையில் சுடுதண்ணீர் வரும். படுக்கையறைக்கு ஏசி பூட்டியிருக்கிறது. குசினியைத் திருத்திக் கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞர். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, பழைய பருத்திச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, காலை இன்னொரு கதிரையில் தூக்கிப் போட்டபடி ஒரு தேநீர் குடிப்பேன். அந்த அரை மணித்தியாலத்தை எதற்காகவும் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எனக்குச் சொகுசு பிடிக்கும். கலைக்காகப் பட்டினி கிடந்தேன், வெறும் நிலத்தில் படுத்தேன் என்று சிலர் மேடையில் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். வெளியூருக்குப் போகிற நாளில் அங்குள்ள மலசலகூடத்தை நினைத்து மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற ஆள் நான். இரண்டு தரம் என் தலையணையையும் காவிக்கொண்டு போயிருக்கிறேன். குழுவில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும்.

ஆனால் நான் வில்லிசைக்காரியும்தான். எங்கள் பக்கத்தில் வில்லிசை இல்லாமல் ஒரு கோயில் திருவிழா நிறையாது. நடுவில் இருப்பவர் கையில் வீசுகோல் இருக்கும். அதனால் வில்லின் நாணைத் தட்டித் தட்டி அவர் கதை சொல்லுவார், பாடுவார். மற்றவர்கள் உடுக்கு, ஆர்மோனியம், தபேலாவோடு பக்கத்தில் இருந்து அவர் சொல்லுவதற்கெல்லாம் ஆமா போடுவார்கள், இடையிடையே குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவார்கள். பதினாலு வருடம் நான் ஆமா போட்டேன், குறுக்குக் கேள்வி கேட்டேன். கேட்ட கேள்விக்கு முன்னால் இருக்கிற சனம் முழுக்க ஒரேயடியாகச் சிரிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். ஏசியும் சுடுதண்ணீரும் அதைத் தராது. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எனக்கு இரண்டும் வேண்டும். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

“நான் ஒருநாளும் மறிக்கேல்லை” என்று என் கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். வருகிறவர்களும் என்னைப் பார்த்து, “உப்பிடி ஒரு மனுசன் கிடைக்க நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்” என்பார்கள். என் வீட்டில், என் கதிரையில், நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு சொல்லுவார்கள். மறிக்காமல் இருந்ததற்காக ஒரு மனிதனுக்குப் பொன்னாடை போர்த்துகிற நாடு இது. பதினாலு வருடத்தில் அவர் ஒரு நிகழ்ச்சிக்கும் வந்து முன்னால் இருந்தது கிடையாது. நிகழ்ச்சி நாளில் நான் பின்னேரமே சமைத்து மூடி வைத்துவிட்டுப் போனால், “ஆறின புட்டு எனக்குச் சமிக்காது, தெரியும்தானே” என்பார். அதையும் கோபமில்லாமல்தான் சொல்லுவார். நான் கடைசிப் பாட்டு முடிந்த கையோடு, மங்களம் பாடுகிறவர்களை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து ஓடிவந்து மா குழைப்பேன். பட்டுச் சேலையோடு நின்று புட்டு அவித்த நாட்கள் எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் இப்போது கோபம்.

எங்கள் குழுவை நடத்துகிறவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நடுவில் இருப்பவர் அவர்தான். இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. கதைக்கலாம், உரத்துப் பாட ஏலாது. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் வீட்டுக்கு வந்தார்.

“தங்கச்சி, இந்த முறை நீ நடுவிலை இரு. நான் பக்கத்திலை இருந்து ஆமா போடுறன்.”

கொடுத்த தேநீர்க் கோப்பையைத் திருப்பி வாங்கத் தெரியாமல் நின்றேன். எங்கள் ஊர்க் கோயில், ஆறாம் நாள் திருவிழா, பின்னேரம் ஆறு மணி. நோட்டீசில் என் பெயர் மேலே வரும். நாற்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். “நல்லது, நல்லது, செய்யும்” என்றார்.

மூன்று கிழமை நான் வேறு உலகத்தில் இருந்தேன். காலையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவிக்குள் நின்று முழுக் கதையையும் பாடிப் பார்ப்பேன். குளியலறையில் குரல் நல்லாக எடுபடும். அகப்பைக் காம்பால் குசினி மேசையில் தாளம் தட்டுவேன். வீடும் மேடையும் ஒன்றாகிப் போன மூன்று கிழமை அது. புட்டு மட்டும் நேரத்துக்கு அவிந்தது.

நோட்டீஸ் ஒட்டிய அடுத்த நாள், திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்க, வங்கியில் வேலை முடிந்து வந்த என் கணவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

“கனடாவிலை அப்பான்ரை தமையன்ரை மகன் மோசம் போட்டாராம்.”

அவருடைய அப்பாவுடன் பிறந்தவர்கள் ஏழு பேர். அவர்களின் பிள்ளைகள் பாதிப்பேர் நான் கலியாணம் முடிக்க முன்னமே வெளிநாடு போய்விட்டவர்கள். செத்தவரை நான் கண்டதில்லை.

“அப்ப?” என்றேன்.

“அப்ப என்ன, எங்களுக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள்.”

அப்பா வழியில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு எங்கே இருந்தாலும் துடக்கு. கோயில் வாசலை மிதிக்க முடியாது, நல்ல காரியத்துக்குப் போக முடியாது. கலியாணம் முடித்து வந்தவளுக்குப் புருசனுடைய துடக்குத்தான் துடக்கு. அந்தச் சட்டத்தை எழுதினவரிடம் ஒரு குறுக்குக் கேள்வி கேட்க ஆசைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நான் அதை நம்புகிறவள். துடக்கோடு கோயிலுக்குள் போய்ப் பாட எனக்கு மனம் வராது.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “என்ன செய்யிறது தங்கச்சி. ஏலுமான அளவுக்கு நான் சமாளிக்கிறன்” என்றார். அவருடைய கரகரத்த குரலைக் கேட்க எனக்கு அழுகை வந்தது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே வெட்கமாகவும் இருந்தது. கனடாவில் ஒரு மனுசன் செத்துக் கிடக்கிறார், அவருடைய மனைவி பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்களோ, நான் ஒரு மேடைக்காக அழுகிறேனே என்று என்னை நானே திட்டினேன்.

அந்தப் பத்து நாளும் என் கணவர் என்னைத் தாங்கினார். ஒரு நாள் ஐஸ்கிறீம். ஒரு நாள் கடைச் சாப்பாடு, “நீர் பேசாமல் இரும்” என்று. கதிரைக்கு ஒரு மெத்தை வாங்கிவந்து என் முதுகுக்கு வைத்துவிட்டார். பார், எவ்வளவு அன்பான மனுசன், நான்தான் சில நேரம் பிழையாக நினைத்துவிடுகிறேன் என்று யோசித்தேன். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டியிருக்கிறது.

ஆறாம் திருவிழா அன்றைக்கு முன்னமே எழுதிக் கொடுத்திருந்த அரைநாள் லீவு இருந்தது. மாற்றவில்லை. வீட்டில் சும்மா படுத்திருந்தேன். மூன்று மணியளவில் சாவகச்சேரியிலிருந்து மச்சாள், என் கணவருடைய தங்கச்சி, தொலைபேசி எடுத்தா.

“மச்சாள், எத்தினை மணிக்குத் தொடங்குது? நாங்கள் வெளிக்கிடுறம்.”

“எங்கை வெளிக்கிடுறியள்?”

“கோயிலுக்குத்தான். நீங்கள் நடுவிலை இருக்கிறியளாம் எண்டு நோட்டீசிலை பாத்தனாங்கள்.”

“எங்களுக்குத் துடக்கெல்லோ மச்சாள். கனடாவிலை…”

“ஐயோ, அதுக்கு என்ன துடக்கு? அவர் அம்மான்ரை தமக்கையின்ரை மகனெல்லோ. அம்மா வழிக்கு எங்களுக்குத் துடக்கில்லை, அண்டைக்குத் தலை தோஞ்சாச் சரி. நாங்கள் போன வெள்ளிக்கிழமை நல்லூருக்கும் போட்டு வந்திட்டம். அண்ணைக்குத் தெரியுமே. அண்டைக்கு நான்தானே அவருக்குச் சொன்னனான்.”

அண்ணைக்குத் தெரியுமே. அவ தன் தமையனைத்தான் சொன்னா. நான் கட்டிலில் எழும்பி இருந்தேன். தெரியாமல் சொல்லியிருந்தால் அது பிழை. தெரிந்துகொண்டு, ஒரு செத்த மனுசனைத் தாய் வழியில் இருந்து தகப்பன் வழிக்கு மாற்றி, எனக்கு முன்னால் கொண்டுவந்து படுத்திவிட்டிருக்கிறார். மறிக்கவில்லையாம். ஒருநாளும் மறிக்கவில்லையாம்.

அவருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்தால் அவர் ஆறுதலாக ஏதாவது சொல்லுவார், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன் என்று பயம். தோய்ந்தேன். பச்சைப் பட்டுச் சேலையை உடுத்தேன். ஓட்டோக்காரர் வரும்வரைக்கும் படலையில் நின்று கதையின் முதல் வரியைச் சொல்லிப் பார்த்தேன். கோபத்தில் ஒரு வரி கூட மறக்கவில்லை.

கோயில் வாசலில் மணியம் நின்றார். கோயிலை நிர்வகிப்பவரை எங்கள் ஊரில் மணியம் என்போம். எழுபது வயது, வெறும் மேல், இடுப்பில் சால்வை. அண்ணை அன்றைக்குப் பின்னேரம்தான் அவரிடம் விசயத்தைச் சொல்லியிருந்தார். முதலே சொன்னால் நிகழ்ச்சியையே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். என்னைக் கண்டதும் மணியம் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“பிள்ளை, நில்லும். உங்களுக்குத் துடக்கெண்டெல்லோ இப்பதான் சொல்லிச்சினம்.”

“இல்லை ஐயா. துடக்கில்லை.”

“பிறகேன் அப்பிடிச் சொன்னது?”

இதற்குப் பதில் ஒன்றுதான். என் மனுசன் பொய் சொன்னவர். அந்த நாலு சொல்லையும் கோயில் வாசலில், பூ விற்கிறவர்களும் கச்சான் விற்கிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்க, நான் சொன்னேன். கத்தவில்லை, தெளிவாகத்தான் சொன்னேன்.

மணியத்தின் முகம் மாறியது. எனக்காக மாறவில்லை. “என்ன சொல்லுறீர்? உம்மடை மனுசன் புதன்கிழமை எங்கடை தமக்கையின்ரை மகன்ரை பொன்னுருக்குக்கு வந்து நிண்டவர். தாலிக்குப் பொன் உருக்கிற இடத்திலை, எனக்குப் பக்கத்திலை!” அவருக்கு வியர்த்துவிட்டது. துடக்குக்காரன் ஒருவன் வந்து நின்றிருந்தால் அந்தக் கலியாணமே பாழ். அவருக்கு அதுதான் கவலை. எனக்கு அது புதுச் செய்தி. புதன்கிழமை வங்கியில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனவர் பொன்னுருக்குக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டிருக்கிறார்.

மணியம் இடுப்பிலிருந்து தொலைபேசியை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும். உங்களுக்குத் துடக்கோ இல்லையோ?”

துடக்கு என்று சொன்னால் பொன்னுருக்கைக் கெடுத்தவர். இல்லை என்று சொன்னால் என்னிடம் பொய் சொன்னவர். இதிலிருந்து எப்படித் தப்பப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். தப்பினார்.

“இல்லை ஐயா, எங்களுக்கு இல்லை. அது அம்மா வழிச் சொந்தம். அவ பிழையா விளங்கிட்டா.”

மணியம் பெரிதாக மூச்சு விட்டார். சிரித்தார். “பொம்பிளையளுக்கு உந்த முறை தலையெல்லாம் விளங்காது, பாவம். வாரும் பிள்ளை, நேரமாகுது, உள்ளை வாரும்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள். அங்கேயே நின்று சண்டை பிடித்திருக்க வேண்டுமாம். மச்சாளைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்திருக்க வேண்டுமாம். ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிசம் இருந்தது. உள்ளே மேடையில் வில் கட்டியிருந்தது. அண்ணை என்னைக் கண்டுவிட்டு எழும்பி நின்றார். பிழையாக விளங்கிய பொம்பிளை என்கிற பட்டத்தை ஏற்றுக்கொண்டால் உள்ளே போகலாம், இல்லையென்றால் வாசலிலேயே நின்று நியாயம் கதைக்கலாம். நான் உள்ளே போனேன். விழுங்கிக்கொண்டுதான் போனேன். அது இன்னும் சமிக்கவில்லை.

நடுவில் இருந்தேன். வீசுகோல் நாணில் பட்ட முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்தது, இது எனக்குரிய இடம். குரல் எங்கேயும் பிசகவில்லை. ஆனால் வாசலில் நடந்தது நெஞ்சுக்குள் கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. வில்லிசையில் நடுவில் இருப்பவருக்கு ஒரு உரிமை உண்டு. முதன்மைக் கதையை நிறுத்திவிட்டு ஊர்க்கதை ஒன்றை இடையில் செருகலாம். பாதிக் கதையில் நான் கோலை நிறுத்தினேன்.

“எங்கடை ஊரிலை ஒருத்தர் இருக்கிறார்.”

“ஆமா” என்றார் அண்ணை, ஒத்திகையில் இல்லாத வரி என்று முழித்துக்கொண்டு.

“அவருக்குச் சுடச்சுடப் புட்டு வேணும்.”

“ஆமா.”

“பெண்சாதி பாட்டுப் பாடப் போனால் புட்டு ஆறிப்போகும். பாத்தார். கனடாவிலை ஒரு சொந்தக்காரன் செத்தான். தாய் வழிச் சொந்தம். துடக்கு வராது. அவர் என்ன செய்தார் தெரியுமோ? செத்த பிணத்தைத் தூக்கித் தகப்பன் வழியிலை கிடத்திப்போட்டார்!”

சனம் வெடித்துச் சிரித்தது. நான் நினைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. பதினாலு வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. எனக்கும் ஏறிவிட்டது. அவர் செருப்போடு வாசலில் நின்றதை நடித்துக் காட்டினேன், ஐஸ்கிறீமைச் சேர்த்தேன், முதுகுக்கு மெத்தை வைத்ததைச் சேர்த்தேன். கிழவிகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். அவரை நாறடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முடிந்த பிறகுதான் தெரிந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது ஒரு பெண், “பாவம் அந்த மனுசன், புட்டுக்காக என்ன பாடுபட்டிருக்கிறான்” என்றாள். இன்னொருத்தி, “பெண்சாதியிலை அவ்வளவு விருப்பம்” என்றாள். விருப்பமாம். மணியம் கோயில் மரியாதையாகக் காளாஞ்சி தரும்போது, “உம்மடை பிழையையே பகிடியாக்கிப் போட்டீரே, கெட்டிக்காரி” என்று தட்டிக்கொடுத்தார். கதை முழுக்கக் கேட்ட பிறகும் அவருக்குப் பிழை என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்தேன். என் கணவர் மேசையில் இருந்து, யாரோ அனுப்பிய வீடியோவைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நல்லாச் செய்திருக்கிறீர் என்னப்பா. நான் உப்பிடியே நிக்கிறனான்?”

“ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“அதை விடுமன். நோட்டீசைப் பாத்திட்டு வங்கியிலை ஆக்கள் கேட்டவை, மனுசி நடுவிலை இருந்து கோல் விசுக்கப் போறாவாமே எண்டு. பக்கத்திலை இருந்து ஆமா போட்டால் ஆரும் கவனிக்காயினம். நடுவிலை எண்டால் ஒரு மாதிரித்தானே. அந்தரத்திலை வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். இப்ப எல்லாம் நல்லா முடிஞ்சுதுதானே?”

நல்லா முடிந்ததாம். நான் அன்றைக்குப் புட்டு அவிக்கவில்லை. அவர் பாண் வாங்கிவந்து சாப்பிட்டார், முகம் கோணாமல். அந்த முகம் ஒருமுறையாவது கோணினால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்.

வீடியோ பரவியது. லண்டனிலிருந்து, பாரிசிலிருந்து ஆட்கள் தொலைபேசி எடுத்தார்கள். “அது நான்தான், அது நான்தான்” என்று அவர் பெருமைப்பட்டார். வங்கியில் வாடிக்கையாளர்கள் “புட்டுக்காரர்” என்று பகிடி பண்ணினால் வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிச் சிரிப்பார். நான் கல்லெறிந்தேன் என்று நினைத்தேன், அவர் அதைப் பூ என்று காதில் வைத்துக்கொண்டார். அண்ணையும், “தங்கச்சி, அந்தக் கதையை விட்டிடாதை, அதுதான் தூக்கினது” என்றார். நெல்லியடியில் ஒரு நூலகத் திறப்புவிழாவுக்கு எங்களைக் கேட்டவர்கள், முதன்மைக் கதை எதுவென்றாலும் சரி, துடக்குக் கதை கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

நெல்லியடி நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. முதல் தடவையாக என் கணவர் தானும் வருகிறேன் என்றார். சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தார். வரவேற்புரை சொன்னவர், “துடக்குக் கதையின் நாயகனும் இங்கே வந்திருக்கிறார்” என்று அறிவித்தார். கைதட்டினார்கள். அவர் எழும்பி, திரும்பி, கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு என்னை என்னவோ செய்தது.

கதை வந்தது. அண்ணை ஆயத்தமாக இருந்தார். தபேலாக்காரர் சிரிப்பு வருகிற இடத்தில் போடுகிற அடியைக் கூடப் பழகியிருந்தார். நான் வீசுகோலை மடியில் வைத்துவிட்டேன். ராகம் போடவில்லை. நடிக்கவில்லை.

“கனடாவிலை ஒருத்தர் செத்தவர். அவருக்குப் பெண்சாதியும் மூண்டு பிள்ளையளும். அவையள் அங்கை அழுதுகொண்டிருக்கேக்கை, இஞ்சை ஒருத்தர் அந்தச் சாவை எடுத்துத் தன்ரை பெண்சாதியின்ரை வாயிலை அடைச்சவர். பதினாலு வருசம் பக்கத்திலை இருந்தவளுக்கு நடுவிலை இருக்க ஒரு நாள் வந்தது. அந்த ஒரு நாளைத்தான் அவர் எடுத்தவர். அவள் செத்தவருக்காக அழாமல் மேடைக்காக அழுகிறனே எண்டு குளியலறைக்குள்ளை நிண்டு தன்னைத் தானே திட்டினவள். அவர் வெளியிலை ரீவி பாத்துக்கொண்டிருந்தவர். பிடிபட்ட உடனை, அவள்தான் பிழையா விளங்கிட்டாள் எண்டு கோயில் வாசலிலை சொன்னவர். அவள் அதையும் கேட்டுக்கொண்டு உள்ளை போய்ப் பாடினவள். பிறகு அதை ஒரு பகிடியாச் சொல்லி உங்களைச் சிரிக்கவும் வைச்சவள். அது அவள் செய்த பிழை. இதிலை சிரிக்க ஒண்டுமில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணைக்கு ஆமா வரவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். என் கணவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, கதிரைகளுக்கு இடையால் குனிந்துகொண்டு வெளியே போனார். நான் கோலை எடுத்து விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினேன். மிச்சப் பாட்டெல்லாம் பாடி முடித்தேன். மங்களமும் கடைசிவரைக்கும் இருந்து பாடினேன்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது அவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் நான் அப்படி அவரைக் கண்டதில்லை.

“எல்லாருக்கும் முன்னாலை என்னை அவமானப்படுத்திப் போட்டீர்.”

“ஓம்” என்றேன்.

அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மணியத்துக்கு அப்பிடிச் சொன்னது பிழைதான். நீர் பிழையா விளங்கேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் உமக்குப் பொய் சொன்னனான்” என்றார்.

மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கின வசனம் அது. என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. யாரும் இல்லாத இடம் பார்த்து, நான் ஒருத்தி மட்டும் கேட்கத் தக்கதாகச் சொல்லுகிறார்.

“இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? எனக்குத் தெரிஞ்ச விசயம்தானே. மணியத்துக்குச் சொல்லுங்கோ.”

“அவருக்கோ?” அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். “அந்தாளுக்குப் போய் உதை நான் எப்பிடியப்பா சொல்லுறது?”

“வாயாலைதான்” என்றுவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தேன்.